அக்காவின் வாயிலிருந்து எடுத்த வரி

அந்த டீத்தூள் விளம்பரத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வீட்டு வாசலில் இரண்டு பேர் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். உள்ளேயிருந்து ஒரு பெண் புறங்கையை இடுப்பில் துடைத்துக்கொண்டே வந்து இரண்டு டம்ளரை நீட்டுவாள். "மொதல்ல டீயக் குடிங்க, அப்பால பேசலாம்" என்பாள். இரண்டு பேரும் சட்டையை விட்டுவிட்டு டம்ளரை வாங்கிக்கொள்வார்கள். அவ்வளவுதான் விளம்பரம். அந்த வரியை எழுதியவன் நான். அப்படித்தான் வெகு நாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது நுங்கம்பாக்கத்தில் ஒரு விளம்பரக் கம்பெனியில் வேலை. அம்பத்தூரிலிருந்து தினமும் ரயிலில் போய் வந்தேன். அந்த அலுவலகத்தில் ஆவடிப் பக்கத்து ஆள் நான் ஒருவன்தான். பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் சிங்கம் புலி நடமாடும் என்பது மாதிரிதான் மற்றவர்கள் பேசுவார்கள். ஆனால் சோப்பு, ஊறுகாய், கொசுவர்த்தி என்று ஏதாவது 'மாஸ்' பிராண்டு வந்துவிட்டால் மேனேஜர் என்னைத்தான் கூப்பிடுவார். "உங்க ஏரியா லாங்குவேஜ்ல ஒண்ணு போடுப்பா" என்பார்.

டீத்தூள் கம்பெனிக்காரர்களுக்கு எதுவும் பிடிக்கவில்லை. 'புத்துணர்ச்சி' என்ற சொல்லை இனிமேல் காதால் கேட்கமாட்டோம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். மூன்று முறை எழுதிக்கொண்டு போனோம், மூன்று முறையும் திருப்பி அனுப்பினார்கள். நாலாவது முறை போனபோது அவர்களுக்குள்ளேயே தகராறு. விற்பனைப் பிரிவுத் தலைவர் ஒன்று சொல்ல, மார்க்கெட்டிங் அம்மாள் அதை வெட்ட, மேசையைத் தட்டுகிற அளவுக்குப் போய்விட்டது. எங்கள் மேனேஜர் இருக்கையில் நெளிந்தார். பியூன் தட்டில் டீ கொண்டுவந்து வைத்தான். நான் யோசிக்கவே இல்லை. வாயில் வந்தது.

"சார், மொதல்ல டீயக் குடிங்க, அப்பால பேசலாம்."

மேசையைத் தட்டிய கை அப்படியே நின்றது. பிறகு எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அந்த அம்மாள் கையை நீட்டி, "இதுதான், இதேதான்" என்றார். "எங்கருந்து பிடிச்சீங்க?"

"சும்மா, எங்க ஏரியாப் பேச்சு மேடம்" என்றேன்.

அது ஏரியாப் பேச்சு இல்லை. அக்காவின் பேச்சு.

அக்காவின் வீடு பருத்திப்பட்டில். மாமா அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு ஃபேக்டரியில் பதினோரு வருடமாக ஒப்பந்தத் தொழிலாளி. நான் படிப்பு முடித்து வேலை கிடைக்காமல் ஒரு வருடம் அவர்கள் வீட்டில்தான் சாப்பிட்டேன், தூங்கினேன். ஒரு நாள் காலை ஒன்பது, ஒன்பதரை இருக்கும். மாமா முதல் ஷிஃப்டுக்குப் போயிருந்தார். ஃபேக்டரியிலிருந்து இரண்டு பேர் வந்து வாசலில் நின்றார்கள். ஒருவர் சூப்பர்வைசர், இன்னொருவர் மாமாவோடு வேலை செய்கிறவர். "சிஸ்டர், ஒரு விஷயம் பேசணும்" என்று சூப்பர்வைசர் ஆரம்பித்தார். அக்கா பேச விடவில்லை. "இன்னாண்ணா வாசல்லியே நின்னுகினு கீறீங்க, உள்ள வாங்க. மொதல்ல டீயக் குடிங்க, அப்பால பேசலாம்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நான் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கூட வந்தவர் டம்ளரை வாய்வரை கொண்டுபோய்க் குடிக்காமல் இறக்கியதைப் பார்த்தேன். சூப்பர்வைசர் மட்டும் முழுவதும் குடித்தார். குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் சொன்னார். கிரேனிலிருந்து இரும்புச் சட்டம் நழுவி விழுந்ததாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம்.

ஆறு வருடம் கழித்து அந்த வரி என் வாயில் வந்தபோது, அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாமலில்லை. சொன்ன அதே நொடியில் தெரிந்தது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

ஷூட்டிங் வேலப்பன்சாவடியில், ஒரு வாடகை வீட்டில் நடந்தது. ஆர்ட் டைரக்டர் என்னிடம்தான் எல்லாவற்றையும் கேட்டார். சுவர் என்ன நிறம்? டம்ளர் கண்ணாடியா, எவர்சில்வரா? அந்தப் பெண் நைட்டியா, புடவையா? நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். நடிகைக்குக் கையைத் துடைக்க வரவில்லை, தலைப்பில் நாசூக்காக ஒற்றிக்கொண்டாள். "அப்படி இல்லம்மா" என்று நானே போய்ச் செய்து காட்டினேன். புறங்கையை இடுப்பில், ரெண்டே இழுப்பு. டைரக்டர் கைதட்டினார்.

விளம்பரம் வந்த ஒரே மாதத்தில் அந்த வரி ஊரெல்லாம் ஓடியது. ஆவடி பஸ்ஸில் சில்லறைக்குச் சண்டை போட்டவனிடம் கண்டக்டர் அதைச் சொன்னார். ஆட்டோக்களின் முதுகில் எழுதினார்கள். டிவி விவாதத்தில் இரண்டு கட்சிக்காரர்கள் கத்தும்போது நெறியாளர் அதைச் சொல்ல, அது கைபேசி கைபேசியாகப் போயிற்று. அலுவலகத்தில் எனக்குத் தனி மேசை கொடுத்தார்கள். நான் மிதந்துகொண்டிருந்தேன்.

அக்கா மகள் அப்போது எட்டாவது படித்தாள். போனில் கூப்பிட்டாள். "மாமா, அந்த டீ விளம்பரம் நீயா எழுதின? அந்த ஆன்ட்டி அம்மா மாரியே கையத் தொடைக்கறாங்க மாமா!" என்று சிரித்தாள்.

"அம்மா பாத்தாளா?"

"பாத்துச்சு. ஒண்ணும் சொல்லல. எய்ந்து உள்ள போச்சு."

அக்கா ஒன்றும் சொல்லவில்லை என்பதை நான் எனக்கு வசதியாக எடுத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு ஆவடியில் சர்ச்சுக்குப் போயிருந்தேன். புதிதாக வந்த பாஸ்டர், இளம் வயசு, பேச்சு கலகலப்பாக இருக்கும். வீட்டில் சண்டை போடும் கணவன் மனைவியைப் பற்றிப் பிரசங்கம். "கோபத்துல உடனே வாயத் தொறக்காதீங்க. டிவில சொல்றாங்களே, மொதல்ல டீயக் குடிங்க..." என்று நிறுத்தினார். சபை முழுக்க ஒரே குரலில், "அப்பால பேசலாம்!" என்றது. ஆண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் பெருமையோடு திரும்பி அக்கா உட்கார்ந்திருந்த வரிசையைப் பார்த்தேன். அவள் பைபிளைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து வெளியே போய்க்கொண்டிருந்தாள். ஆராதனை முடிந்து வந்து பார்த்தால் கேட்டருகே வெயிலில் நின்றிருந்தாள். "இன்னாக்கா?" என்றேன். "தலவலி" என்றாள். அதையும் நம்பினேன்.

அந்த வருடம் விளம்பரத்துக்குப் பெரிய விருது கிடைத்தது. நட்சத்திர ஹோட்டலில் விழா. புதுச் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு, கூப்பிட்டால் மேடைக்குப் போக வசதியாக ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மேனேஜர் மட்டும் போனார். மைக்கைப் பிடித்து, "இந்த வரி நான் எழுதினது இல்லை" என்றார். நான் நாற்காலி நுனிக்கு வந்தேன். "இது எங்க அம்மாவோட வரி. எங்க வீட்டுக்கு யார் வந்தாலும் எங்க அம்மா இதைத்தான் சொல்லுவாங்க" என்றார். குரல் தழுதழுத்தது. மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. பெரிய திரையில் பெயர்கள் ஓடின. என் பெயரைத் தேடினேன். 'மற்றும் குழுவினர்' என்ற இடத்தில் நான் இருந்தேன்.

மறுநாள் ஆபீசுக்குப் போகவில்லை. நேராகப் பருத்திப்பட்டுக்குப் போனேன். சொல்லி அழ எனக்கு வேறு இடம் இல்லை. அக்கா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். மாமா போனபிறகு அவள் எஸ்டேட்டில் ஒரு துணிக் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போனாள். நான் உட்காராமலே கொட்டினேன். அந்த ஆள் மேடையில் நின்று பொய் சொன்னதை, அழுது காட்டியதை, என் பெயரே இல்லாததை.

"அவங்கம்மாவாம்! அவங்கம்மா 'அப்பால'ன்னு சொல்லுவாங்களா? என் வரியத் தூக்கினு போய் அவன் பேர்ல எழுதிகினான்க்கா. என் வரிய!"

அக்கா டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தாள். மூடியை அழுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"உன் வரியா?"

டிபன் பாக்ஸைப் பைக்குள் வைத்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"அன்னிக்கு அவங்க வந்தப்ப நான் இன்னா நெனச்சேன் தெரியுமாடா? பதினோரு வருசமா பர்மனென்ட் பண்றேன் பண்றேன்னு சொல்லிகினு இருந்தாங்க. அதுக்குத்தான் வந்துகீறாங்க, சர்டிபிகேட் எதுனா கேக்கப் போறாங்கன்னு நெனச்சேன். சந்தோசத்துல கையே ஓடல. பேச வந்தவங்கள பேச உடல. இஞ்சி தட்டிப் போட்டேன். கொதிக்கறத நின்னு பாத்துகினு, அவரு சாய்ந்தரம் வந்தா இன்னா செஞ்சு குடுக்கலாம்னு யோசிச்சுகினு இருந்தேன். கால் மணி நேரம்டா. அவரு செத்துப் போயிட்டாரு, நான் கால் மணி நேரம் சந்தோசமா இருந்தேன். இது எனக்குத்தான் தெரியும். பாப்பாகிட்ட கூட சொன்னதில்ல. அத நீ ஊரு பூரா தெனமும் போட்டுக் காட்ற. எல்லாரும் சிரிக்கறாங்க."

அப்போதாவது நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அதற்குப் பதில், இன்றைக்கும் நினைத்தால் உடம்பு கூசுகிற ஒன்றைச் சொன்னேன்.

"எல்லா ஊட்லயும் சொல்றதுதானக்கா அது. நீ மட்டுமா சொன்ன?"

அவள் கோபப்படவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அப்ப உங்க மேனேஜர இன்னாத்துக்குத் திட்ற? அவங்க ஊட்லயும் சொல்லியிருப்பாங்க" என்றாள். "பூட்டிகினு போவணும், வெளிய வா."

நான் வேலையை விடவில்லை. விடுவேன் என்று பல பேரிடம் சொன்னேன். விளம்பரத்தை நிறுத்தும்படி டீத்தூள் கம்பெனியின் மார்க்கெட்டிங் அம்மாளிடம் கேட்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். என்ன காரணம் சொல்லிக் கேட்பது என்று தெரியவில்லை. மூன்றாம் நாள் மேனேஜர் கூப்பிட்டு, அதே வரியை வைத்து இன்னும் மூன்று படம் வேண்டும் என்றார். கல்யாண வீட்டில் ஒன்று, பள்ளிக்கூட வாசலில் ஒன்று, போலீஸ் ஸ்டேஷனில் ஒன்று. மூன்றையும் நான்தான் எழுதினேன். கை தானாக எழுதியது. போலீஸ் ஸ்டேஷன் படம் முதல் படத்தைவிட நன்றாக வந்திருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள்.

இப்போது அந்தக் கம்பெனியில் இல்லை. மேனேஜர் மும்பைக்குப் பெரிய பதவியில் போனபிறகு வந்தவருக்கு என்னைப் பிடிக்கவில்லை. வானகரத்தில் ஒரு மாடியில் சின்னதாக அலுவலகம் வைத்து, ஃபிளாட் விற்பவர்களுக்கும் கல்லூரிகளுக்கும் எழுதித் தருகிறேன். டீத்தூள்காரர்கள் அந்த வரியைக் கைவிட்டுவிட்டு வேறு எதற்கோ போய்விட்டார்கள். ஜனங்கள் மட்டும் இன்னும் சொல்கிறார்கள். யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது.

அக்காவோடு சண்டை ஒன்றும் இல்லை. கிறிஸ்துமஸுக்குப் போகிறேன், பிரியாணி போடுகிறாள். உடம்பு எப்படி இருக்கிறது என்றால், நல்லாக் கீறேன் என்கிறாள். கேட்டதற்குப் பதில் வருகிறது. அதற்கு மேல் ஒரு சொல் வருவதில்லை. ஒரு காலத்தில் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, கம்பெனியில் நடந்தது, தெருவில் நடந்தது எல்லாவற்றையும் ஆள் ஆளாக நடித்துக் காட்டியவள் அவள். என் எழுத்தில் நல்லது என்று யார் எதைச் சொன்னாலும் அதில் பாதி அங்கிருந்து வந்ததுதான்.

போன மாதம் போயிருந்தேன். அக்கா மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். ஹாலில் என் எதிரே உட்கார்ந்து, காலேஜ் பஸ்ஸில் நடந்த ஒரு கூத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். டிரைவரைப் போலவே குரலை மாற்றிப் பேசினாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"பாத்துப் பேசுடி. மாமா கீறாரு."

சொல்லிக்கொண்டிருந்ததைப் பாதியில் நிறுத்திவிட்டு அவள் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தாள். டிரைவர் சொன்னதாக அவள் சொன்ன அந்தக் கடைசி வார்த்தையை நான் அதற்குள் மனசில் குறித்து வைத்துவிட்டிருந்தேன்.