ஒன்பது மணிக் காரியம்

அப்பா இறந்த பதினாலாம் நாள் அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு பொய் அனுப்பினேன். 'ஞாயிற்றுக்கிழமை காரியம். குளத்தங்கரை. காலை பதினோரு மணி.' உண்மையில் காரியம் ஒன்பது மணிக்கு. அம்மா பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல நான் அடித்தேன். நான் ஒன்றும் சின்னப் பெண் இல்லை. முப்பத்தோரு வயது, சரித்திரத்தில் முதுகலைப் பட்டம் வேறு.

அண்ணன் என் அம்மா வயிற்றில் பிறந்தவர் இல்லை. அப்பாவின் மூத்த தாரத்து மகன். அவருடைய அம்மா இறந்தபிறகுதான் அப்பா என் அம்மாவைக் கட்டினார். நானும் தம்பியும் பிறந்தோம். பதினைந்து வயதுவரை அண்ணன் எங்களோடுதான் இருந்தார். மழைக்காலத்தில் உப்பளத்து வரப்பெல்லாம் சேறாகிவிடும். பள்ளிக்கூடம் வரைக்கும் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போவார். பிறகு அம்மாவுக்கும் அவருக்கும் ஒத்துவராமல், இடையஞ்சாவடியில் இருக்கும் தன் தாய்மாமன் வீட்டோடு போய்விட்டார். இப்போது லாரி ஓட்டுகிறார். அப்பா போன அன்று நாக்பூரில் இருந்தார். சித்திரை வெயிலில் உடம்பைப் போட்டு வைக்க முடியாதென்று தம்பியைக் கொள்ளி வைக்கச் சொல்லிவிட்டார்கள்.

அதைத்தான் மாமா பிடித்துக்கொண்டார். மாமா என்றால் அம்மாவின் தம்பி, பெரிய முதலியார்சாவடிக்காரர். எங்கள் பக்கத்தில் பதினாறாம் நாள் காரியத்தில் மகன் தலையில் தாய்மாமன் உருமா கட்டுவார். வெறும் தலைப்பாகைத் துணிதான். ஆனால் அது யார் தலையில் முதலில் ஏறுகிறதோ அவன்தான் இனி அந்த வீட்டுக்குத் தலை. கோயில் மரியாதையிலிருந்து கல்யாணப் பேச்சுவரைக்கும் ஊர் அவனைத்தான் கூப்பிடும். முறைப்படி அது மூத்தவருக்கு.

"கொள்ளி வெச்சவனுக்குத்தான் உருமா. பெரியவன் வர்றதுக்குள்ள முடிச்சிடலாம். வந்து சாப்ட்டுட்டுப் போவட்டும்" என்றார் மாமா.

"அண்ணன் கேட்டா என்ன சொல்றது?" என்றேன்.

"டைம தப்பா அடிச்சிட்டேன்னு சொல்லிக்கயேன்" என்றாள் அம்மா. "இத்தன வருசமா எட்டிப் பாக்காதவனுக்கு என்னாத்துக்கு உருமா?"

அது பச்சைப் பொய். அண்ணன் பொங்கலுக்குப் பொங்கல் அப்பாவைப் பார்க்க வந்தவர். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அனுப்பினேன். அம்மாவோடு மல்லுக்கட்டத் தெம்பில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் சனிக்கிழமை. மதியம் இரண்டரைக்கு எனக்கு வகுப்பு. வீட்டிலிருந்தே லேப்டாப்பில் இங்கிலாந்துப் பிள்ளைகளுக்குச் சரித்திரம் சொல்லிக் கொடுக்கிறேன். அதுதான் என் பிழைப்பு. அன்றைக்கு ஒரே ஒரு மாணவி, பன்னிரண்டு வயது. பாடம், ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஓர் ஆங்கிலோ-சாக்சன் அரசனின் குடும்பமும் ஆட்சியும். பெயரை விடுங்கள், எனக்கே வாயில் நுழையாது. துக்க வீட்டில் வகுப்பு எதற்கு என்று கேட்டவர்களிடம், அந்தப் பிள்ளைக்குத் திங்கள்கிழமை பரீட்சை என்றேன். அதுவாவது உண்மை.

பாடத்தை ஆரம்பித்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. அந்த அரசனின் அப்பாவான பழைய ராஜாவுக்கு வேறு வேறு மனைவிகள் வயிற்றில் இரண்டு பையன்கள், இவன் இளையவன். அவர் சின்ன வயதிலேயே செத்துப் போக, பதின்மூன்று வயது மூத்தவனுக்குப் பட்டம் கட்டினார்கள். மூன்று வருஷம்கூட ஆகவில்லை. சிற்றன்னையையும் தம்பியையும் பார்க்கக் குதிரையில் போன இடத்தில், அவளுடைய ஆட்கள் அவனைக் குத்திக் கொன்றார்கள். அவளே வாசலுக்கு வந்து குடிக்கக் கொடுத்தாளாம். அவன் கிண்ணத்தில் வாய் வைத்தபோது குத்து விழுந்ததாம். அது நூறு வருஷம் கழித்து எழுதிய கதை, அப்படியே நம்பக்கூடாது என்று மாணவிக்குச் சொன்னேன். கொன்றவர்களை யாரும் தண்டிக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம். மூத்தவனை மரியாதை இல்லாமல் புதைத்துவிட்டு, அடுத்த வருஷம் தம்பி தலையில் கிரீடத்தை வைத்தார்கள். அண்ணனுக்காக அழுதான் என்று அந்தத் தம்பியை அவன் அம்மா கையில் கிடைத்த மெழுகுவர்த்தியால் விளாசினாளாம். ஆயுசுக்கும் மெழுகுவர்த்தியைக் கண்டாலே அவனுக்கு ஆகாதாம். அதுவும் கதைதான்.

அப்புறம் அவன் ஏறக்குறைய முப்பத்தெட்டு வருஷம் ஆண்டான். ஆண்டான் என்று பெயர். டென்மார்க்கிலிருந்து கடல் வழியாக டேனியர்கள் கொள்ளையடிக்க வந்தபடியே இருந்தார்கள். பயத்தில், தன் நாட்டில் குடியிருந்த டேனியர்களைக் கொல்லச் சொன்னான். வினை இன்னும் பெருத்தது. நடுவில் நாட்டை விட்டே ஓடி, இரண்டாவது மனைவியின் பிறந்த வீட்டில் அடைக்கலம் புகுந்தான். கடைசிக் காலத்தில் மூத்த தாரத்து மகனோடும் பகை. செத்துப்போன அண்ணனையோ ஜனங்கள் புனிதராக்கிக் கும்பிட்டார்கள்.

பக்கத்து அறையில் மாமா உருமாத் துணியை உதறிப் பார்க்கும் சத்தம் கேட்டது. "சின்னவன் தலைக்கு இந்த நீளம் போதுங்க்கா" என்றார்.

"தம்பிக்குத் தெரியுமா, மிஸ்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"அவன் குழந்தை. அவனுக்கு என்ன தெரியும்?" என்றேன்.

அவள் விடவில்லை. அந்த வீட்டில் பெரியவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள், ஒருத்தர்கூட அண்ணனுக்கு ஆள் அனுப்பி வராதே என்று சொல்லவில்லையா என்றாள். பரீட்சைக்கு அதெல்லாம் வேண்டாம் என்று எரிந்து விழுந்தேன். அந்தப் பிள்ளை முகம் சுருங்கிப் போயிற்று. எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

வகுப்பு முடிந்ததும் போனை எடுத்துக்கொண்டு உப்பளத்து வரப்பில் நடந்தேன். யார் காதுக்கும் எட்டாத தூரத்துக்குப் போய் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணா, காரியம் ஒம்போது மணிக்கு. எட்டரைக்கே வந்துடு. உங்க மாமாவையும் கூட்டிட்டு வா."

"பதினொன்னுன்னு போட்டிருந்தியே?"

"டைம் மாத்திட்டாங்கண்ணா."

அப்போதும் உண்மை வாயில் வரவில்லை. "சரிம்மா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை எட்டேகாலுக்கே தம்பியை மணையில் உட்கார வைத்துவிட்டார்கள். மாமா கையில் துணியோடு ஐயரை அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். எட்டரைக்கு பைக் வந்து நின்றது. அண்ணனும், பின்னால் மஞ்சள் பையோடு அவருடைய தாய்மாமனும். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் குளத்துத் தண்ணீரைப் பார்த்தேன்.

"இவனுங்களுக்கு யாரு சொன்னது?" மாமா கத்தினார். "கொள்ளி வெச்சவன் இங்க உக்காந்திருக்கான். நீ யாருடா?"

அண்ணன் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். அவருடைய மாமா வேட்டியை மடித்துக் கட்டினார். இரண்டு பக்கமும் ஆட்கள் எழுந்துவிட்டார்கள். கைகலப்பு என்று முடிவு செய்து, யார் மண்டை உடையப் போகிறதோ என்று நான் பயந்துகொண்டிருக்கும்போது, தம்பி மணையிலிருந்து எழுந்தான். ஓரமாக நகர்ந்து ஈரத்தரையில் உட்கார்ந்தான்.

"அண்ணனுக்கு மொதல்ல கட்டுங்க. எனக்கு அப்புறமா கட்டுங்க" என்றான்.

இருபத்தாறு வயதுப் பையன். எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான். மஞ்சள் பையிலிருந்து உருமாத் துணி வெளியே வந்தது. அண்ணன் தலை குனிந்தபோது நான் வாய்விட்டு அழுதேன்.

காரியம் முடிந்து வீட்டில் இலை போட்டார்கள். எங்கள் பக்கத்தில், காரியத்துக்கு வந்தவர் அந்த வீட்டில் கை நனைக்காமல் போனால் உறவு அத்தோடு முடிந்தது என்று அர்த்தம். அண்ணன் பந்திக்கு வரவில்லை. பைக் பக்கத்தில் அவருடைய மாமாவோடு நின்றிருந்தார். சாப்பிடக் கூப்பிட ஓடினேன்.

"ஐயரு சொன்னாரு. மொதல்லேர்ந்தே ஒம்போது மணிதானாம்" என்றார். குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்கவில்லை. "பதினொன்னுன்னு அடிச்சது யாரு? நீயா, உங்கம்மாவா?"

அம்மா என்று சொல்லியிருக்கலாம். பாதி உண்மைதான். அப்படிச் சொல்லியிருந்தால் அவர் உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார்.

"நான்தாண்ணா" என்றேன்.

தலையிலிருந்த உருமாவை அவிழ்த்து மடித்து, அவருடைய மாமாவிடம் கொடுத்தார். பைக்கை உதைத்துக் கிளப்பினார். உள்ளே அவருக்கென்று போட்ட இலையில் சோறு பரிமாறிவிட்டிருந்தார்கள்.