சோணைமுத்து மெக்கானிக்கும் என் வண்டிச் சாவியும்

சோணைமுத்து மெக்கானிக் செத்துப்போய்விட்டார். காலையிலிருந்து தெரு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே கும்பிடு... "தங்கமான மனுசன்", "கைராசிக்காரர்".

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. செத்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டுமாம். சொல்கிறவர்கள் சொல்லட்டும்.

சிம்மக்கல்லில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில்தான் அவருடைய ஒர்க்‌ஷாப். என் மாமனாரின் பழைய அம்பாசிடரை அவரைத் தவிர யாரும் தொடக் கூடாது. அவர் சொன்னால் மாமாவுக்கு வேதவாக்கு.

தொண்ணூறுகளின் கடைசி. திருவாதவூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு சயின்ஸ் டீச்சர் வேலை. கல்யாணத்துக்கு முன்பே லைசென்ஸ் எடுத்திருந்தேன்.

கெஞ்சிக் கூத்தாடி மாமாவிடம் சாவியை வாங்கினேன். மருமகள் கார் ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போவதைத் தெருவே வாசலில் நின்று பார்த்தது... அந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல!

ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. பள்ளிக்கூடம் போகிற வழியில் ஒத்தக்கடை தாண்டினால் வண்டி இழுக்காது. ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்தத் திணறும்... அப்புறம் நின்றுவிடும். வெயிலில் கொஞ்ச நேரம் காத்துக் கிடந்தால் ஒன்றுமே நடக்காதது மாதிரி ஸ்டார்ட் ஆகும்.

மாமா ஓட்டினால் நிற்காது. அவர் ஓட்டுவது கடைக்கும் கோயிலுக்கும்தான் என்று யாரும் யோசிக்கவில்லை. மெக்கானிக் ட்ரையல் பார்ப்பதும் பக்கத்து ஆற்றுப் பாலம் வரைதான்.

கார்புரேட்டரைக் கழற்றினார். பிளக்கை மாற்றினார். பெட்ரோல் பம்ப் சூடாகிறது, ஈரத்துணி சுற்றுங்கள் என்றார். சுற்றினேன். நின்றது.

ஒவ்வொரு தடவையும் வேலை முடிந்ததும் கையைக் கழுவிவிட்டு வண்டிக்குச் சந்தனம் வைப்பார். ஸ்டீயரிங், பானெட், கடைசியாகப் பெட்ரோல் டேங்க் மூடி. "வயிறு குளுரணும்ல டீச்சர்" என்று மூடியில் மட்டும் தாராளமாக அப்புவார்.

அப்புறம் ஒருநாள் எங்கள் வாசலில் வைத்து, நாலு பேர் கேட்க, மாமாவிடம் சொன்னார்.

"வண்டில ஒரு கோளாறும் இல்லண்ணே. இந்தம்மா ஓட்டுற லெட்சணம் அப்பிடி. கிளட்ச்சுலயே கால வச்சுக்கிட்டு ஓட்டுனா எஞ்சின் என்னத்துக்கு ஆகும்?"

என் வீட்டுக்காரர் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார். அது தனிப் பஞ்சாயத்து... இங்கே வேண்டாம்.

மாமா சொன்னார், "இன்னொருக்கா நின்னுச்சுன்னா சாவியக் குடுத்துரு தாயி."

நின்றது. மறுநாளே.

டிராக்டரில் வந்த ஒருவர் நிறுத்தி, "பெட்ரோல் இருக்கான்னு பாருங்க டீச்சர்" என்றார். டேங்க் மூடியைத் திருகினேன். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது! பாதி டேங்குக்கு மேல் பெட்ரோல் இருந்தது. சாவியைத் திருப்பினேன், உடனே ஸ்டார்ட்.

மூடியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்றுப் போவதற்கு அதில் சின்னதாக ஒரு ஓட்டை உண்டு. அதற்குள் சந்தனம் காய்ந்து சிமெண்ட் மாதிரி அடைத்திருந்தது. காற்றுப் போகாமல் பெட்ரோல் எப்படி வரும்? பிள்ளைகளுக்கு நானே நடத்துகிற பாடம்...

சேலையில் குத்தியிருந்த ஊக்கால் நோண்டி எடுத்தேன். அன்று சாயங்காலம் வண்டி எங்கேயும் திணறாமல் ஊர் வந்து சேர்ந்தது. நேராக ஒர்க்‌ஷாப்புக்குத்தான் விட்டேன்.

"அண்ணே, நீங்க வச்ச சந்தனம்தாண்ணே ஓட்டைய அடைச்சிருக்கு."

மூடியை வாங்கி வாயில் வைத்து ஊதிப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. "நீ போ தாயி. அண்ணன்ட்ட நானே வந்து சொல்றேன்" என்றார். நம்பினேன்.

வந்தார். சொன்னார்.

"கார்புரேட்டர்ல தூசிண்ணே, எடுத்துட்டேன். இனிமே நிக்காது. ஆனா டீச்சர் கையில குடுக்காதீக... மறுபடியும் கெடுத்துரும்."

நடந்ததை அப்படியே மாமாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "சாமி பேரச் சொல்லி வச்ச சந்தனத்தையா குத்தம் சொல்ற?"

சாவி மாமாவின் பைக்குள் போனது. நான் பஸ்ஸில் போனேன். அந்த வண்டியை விற்கும் வரை அது என் கைக்குத் திரும்பி வரவில்லை.

தெரியாமல் வைத்தது பரவாயில்லை. தெரிந்த பிறகும் அப்படிச் சொன்னாரே... அதைத்தான் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அப்புறம் சில வருடம் கழித்து நானே ஒரு செகண்ட்ஹேண்ட் கார் வாங்கினேன். கேள்விப்பட்டுச் சந்தனக் கிண்ணத்தோடு வந்துவிட்டார் மனுஷன். "ஒங்க வீட்டுக்காரரு வண்டி வாங்கிருக்காராமே!" "நான் வாங்கிருக்கேன்" என்றேன்.

பானெட்டில் வைத்தார். பின்பக்கம் போனார். டேங்க் மூடிமேல் என் கையை வைத்துக்கொண்டேன். "அங்க வேணாம்ணே."

என்னைப் பார்த்தார். மூடியைப் பார்த்தார். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அம்புட்டு வீம்பு!

இன்றைக்குக் கேதத்துக்கு நான் போவதாக இல்லை. ஆனால் நாகமலை புதுக்கோட்டையில் இருக்கும் அவர் மகளைக் கூட்டிவர வண்டி கிடைக்கவில்லையாம். என் வீட்டுக்காரர் தயங்கித் தயங்கி வந்து நின்றார். சாவியை எடுத்தேன்.

அந்தப் பெண் அழுதுகொண்டே கார்க் கதவைத் திறந்தவள், என்னைப் பார்த்ததும், "நீங்களாக்கா ஓட்டுறீக?" என்றாள். அப்பா வீட்டில் என்ன சொல்லி வைத்திருந்தாரோ...

"ஏறும்மா" என்றேன்.

அவர் வீட்டு வாசலில் அவளை இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டேன். உள்ளே போகவில்லை.

வழியில் வண்டி எங்கேயும் நிற்கவில்லை, அண்ணே.

போங்க.