மெத்தை அடுக்கிய ஆபரேஷன் அறை

ஐந்தருவிக்குப் போகிற ரோட்டை ஒட்டி அப்போது ஒரு சின்ன அரசு ஆஸ்பத்திரி இருந்தது. இப்போது இல்லை. அறுபதுகளின் தொடக்கத்தில் நான் அங்கே நர்ஸாக வேலை பார்த்தேன். அங்கே ஆபரேஷன் தியேட்டர் ஒன்று உண்டு என்பதே சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் பயனில்லை. ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கியதும் அதைப் பூட்டிவிடுவார்கள்.

அந்தக் கட்டடத்தில் ஒழுகாத அறை அது ஒன்றுதான். சீசனுக்கு அருவியில் குளிக்க வருகிற பெரிய உத்தியோகஸ்தர்களின் குடும்பங்களுக்கு மெத்தையும் தலையணையும் சேகரித்துக் கொடுப்பது எங்கள் பெரிய டாக்டர் தாமாகவே இழுத்துப் போட்டுக்கொண்ட சேவை. அவை நனையாமல் இருக்க அந்த அறைதான் அவருக்குத் தோதாகப் பட்டது. ஆபரேஷன் மேஜையின் மேல் ஆள் உயரத்துக்கு மெத்தை அடுக்கியிருக்கும். விளக்குத் தண்டிலிருந்து ஜன்னல் கம்பிக்குக் கயிறு கட்டி, யார் யாரோ அருவியில் குளித்த துண்டும் கோவணமும் காயப்போட்டிருப்பார்கள். உள்ளே நுழைந்தாலே ஈரமும் எண்ணெயும் கலந்த நாற்றம் அடிக்கும்.

சுந்தரபாண்டியபுரத்திலிருந்து ஒரு விவசாயி அடிக்கடி வருவார். குடலிறக்கம். துணியைப் பந்தாகச் சுருட்டி அடிவயிற்றில் வைத்து இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் வயல்வேலை செய்தார். கோடையில் வந்தபோது, கருவிகள் சாணை பிடிக்கப் போயிருப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். சாரலில் வந்தபோது பெரிய டாக்டர், "சீசன் முடிஞ்சு வாரும்" என்றார். அவரும் கும்பிட்டுவிட்டுப் போனார்.

சீசன் முடியும்வரை குடல் பொறுக்கவில்லை. ஒரு நாள் காலையில் மாட்டுவண்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். வயிறு மத்தளம் மாதிரி விறைத்திருந்தது.

"நர்ஸம்மா, நேத்து சாயந்திரத்துலருந்து இப்படித்தான் கெடந்து துடிக்காக. வாந்தி நிக்கவே மாட்டேங்கு. அது நாறுத நாத்தத்தைப் பாருங்கம்மா" என்று அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அது மலத்தின் நாற்றம்.

புதிதாக வேலைக்கு வந்திருந்த சின்ன டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "குடல் மாட்டி இறுகிடுச்சு. திருநெல்வேலி போற வரைக்கும் தாங்கமாட்டார். நானே பண்றேன். தியேட்டர் சாவி எங்க சிஸ்டர்?"

சாவி பெரிய டாக்டரிடம் இருந்தது. பெரிய டாக்டர் பக்கத்துப் பங்களாவில் இருந்தார். குடையைப் பிடித்துக்கொண்டு நானே போனேன். கோவணத்தோடு பலகையில் உட்கார்ந்திருந்தார். ஓர் ஆள் அவருக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். எதிரே ஒரு பெரிய அதிகாரி, அவரும் எண்ணெயில் மினுங்கியபடி, வடையைச் சட்டினியில் தோய்த்துக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"ஆபரேஷனா? மெத்தையெல்லாம் எங்கன கொண்டு வைக்க? சாயந்திரம் ஆளுக வாராக. திருநெல்வேலிக்கு அனுப்பச் சொல்லுங்க."

"என்னவாம்?" என்றார் அதிகாரி.

"ஒண்ணுமில்ல சார். ஒரு பட்டிக்காட்டானுக்கு வயித்துவலி."

நோயாளியின் வாந்தியைத் துடைத்தபோது வராத குமட்டல் எனக்கு அங்கே வந்தது. "சாவியைக் குடுங்க சார். இல்லேன்னா பூட்டை ஒடச்சிருவோம்" என்றேன். அதிகாரி வடையை அப்படியே பிடித்தபடி என்னைப் பார்த்தார். அவர் முன்னால் என்னைத் திட்டப் பெரிய டாக்டருக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். ஒரு சிரிப்பைச் சிரித்து, ஆணியில் தொங்கிய சட்டையைக் காட்டினார். பையிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தேன்.

நானும் வண்டிக்காரரும் நோயாளியின் மனைவியும் மெத்தைகளை இழுத்து வராண்டாவில் போட்டோம். இலவம்பஞ்சு அறையெங்கும் பறந்தது. மேஜைமேல் மூட்டைப்பூச்சிகள் ஓடின. கருவிகளை வேகவைக்கும் பாத்திரத்தில் எவரோ முட்டை அவித்திருந்தார்கள். ஓட்டுத் துணுக்குகள் அடியில் ஒட்டிக்கிடந்தன. லைசால் ஊற்றித் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க அருவருப்புத்தான் கூடியது.

சின்ன டாக்டர் முதுகுத்தண்டில் ஊசி போட்டு ஆரம்பித்தார். வெளியே வந்த குடல் நாவற்பழ நிறத்தில் இருந்தது. வெந்நீர்த் துணியால் பொதிந்து வைத்து, ரத்தம் திரும்புகிறதா என்று காத்திருந்தோம். மெல்ல மெல்லச் சிவப்பு ஏறியது. "பொழச்சுக்குவாரு" என்றார், மூச்சை விட்டு.

பிழைத்தார். ஆனால் அத்தனை தேய்த்தும் புண் சீழ் வைத்துவிட்டது. கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். "என் நாத்தத்துல பக்கத்துக் கட்டில் அண்ணாச்சி சாப்பிட முடியாமக் கெடக்காரும்மா" என்று அழுதிருக்கிறார். அந்த நாற்றத்துக்கு வெட்கப்பட வேண்டியவர்கள் அருவியில் குளித்துக்கொண்டிருந்தார்கள். ஆவணி கடைசியில்தான் புண் ஆறியது.

வீட்டுக்குக் கிளம்பும் நாளில் அவர் மனைவி ஒரு பெரிய பூசணிக்காயைக் கொண்டுவந்து பெரிய டாக்டரின் காலடியில் வைத்து விழுந்தாள். "ஐயா, எங்க தாலியக் காப்பாத்துன சாமி நீங்க." அவர் கொஞ்சமும் கூசாமல், "எல்லாம் அவன் செயல்மா" என்று மேலே கையைக் காட்டினார். சின்ன டாக்டர் அங்கேதான் நின்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாசலில் அவளை நிறுத்தி, "அறுத்தது யாருன்னு உனக்குத் தெரியாதா?" என்றேன்.

"தெரியும்மா. சின்னய்யாவை நேத்தே கண்டு கும்பிட்டாச்சு. எங்க கொழுந்தனாருக்கும் இதே கோளாறு. அவுகளயும் இங்கன கொண்டாரணும்லா?"

கொழுந்தனார் புரட்டாசியில் வந்தார். பெரிய டாக்டர் தடுக்கவில்லை. பூசணிக்காயின் பெருமை அவர் தலைக்கு ஏறியிருந்தது. அடுத்த சீசனில் மெத்தைகளை வேறெங்கோ வைத்துவிட்டு, குளிக்க வந்த அதிகாரிகளை அழைத்துவந்து, "நம்ம தியேட்டர்" என்று காட்டினார். அவர்கள் மெச்சினார்கள். புது விளக்கு வந்தது, கருவிகளுக்கு நீராவிப் பாத்திரம் வந்தது. வாரம் தவறாமல் ஆபரேஷன் நடந்தது. பண்பொழி, செங்கோட்டைப் பக்கமிருந்தெல்லாம் ஆட்கள் வந்து குணமாகிப் போனார்கள்.

நல்லதுதான் நடந்தது. ஆனாலும் அதை நினைத்தால் இன்றும் எனக்கு வாய் கசக்கிறது. ஈரக்காலும் எண்ணெய்த் தலையுமாக வந்தவர்களுக்குப் பெரிய டாக்டர் கட்டில் கட்டிலாகப் போய், படுத்திருப்பவரின் போர்வையை விலக்கித் தையலைக் காட்டுவார். படுத்திருப்பவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். பெண்கள் வார்டுக்குள் மட்டும் நான் விடவில்லை. கதவில் குறுக்கே நின்றுகொள்வேன். அவர் என்னை முறைத்துவிட்டு, விருந்தாளிகளை வேறு பக்கம் கூட்டிக்கொண்டு போவார்.