ரங்கூன் கப்பல் இல்லாத நாள்

துறைமுகத்தில் கரி சுமக்கிற பொம்பளைகள் என்றால் இராயபுரத்தில் ஒரு முகச்சுளிப்பு உண்டு. வேர்வையில் கரித்தூள் ஒட்டிக் கழுத்துவரை கறுப்பு, போதாததற்கு எங்கள் வாய். சுளிக்கிறவர்கள் சுளித்துவிட்டுப் போகட்டும். எங்கள் கூட்டத்தில் ஒருத்தியைச் சாகவிடாமல் பிடித்து வைத்தோம். அந்தப் பெருமை எனக்கு ஆயுசுக்கும் போதும்.

அவளுக்கு அப்போது பதினேழு பதினெட்டு வயதிருக்கும், என்னைவிடக் கொஞ்சம் இளையவள். ரங்கூனுக்குக் கப்பலேறிய புருஷன் அங்கே இன்னொருத்தியோடு குடும்பமாகிவிட்டான் என்று சேதி வந்தது. அந்தச் சூடு ஆறுமுன் பிறந்த குழந்தையும் தங்கவில்லை. 'ராசி கெட்டவ' என்று மாமியார் வெளியே அனுப்பினாள். போய் நிற்கத் தாய் வீடும் இல்லை. இத்தனையும் ஒரே தலையில் விழுந்தால் அந்தத் தலை என்ன ஆகும்? சோறு இறங்கவில்லை, தூக்கமில்லை. "என்னால எல்லாருக்கும் பேஜாருக்கா" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். பேய் பிடித்திருக்கிறது என்று கூட்டத்தில் வேப்பிலை அடித்தார்கள். வேப்பிலைக்கு அடங்குகிற பேயா அது!

ஒருநாள் காலையில் சிரித்த முகமாய் வந்தாள். தலைவாரிப் பூ வைத்திருந்தாள். கூடைக்கடியில் தலையில் வைக்கிற சும்மாட்டுத் துணியை என் கையில் திணித்து, "நீயே வச்சிக்கக்கா" என்றாள். சும்மாட்டை நாங்கள் இரவல்கூடத் தரமாட்டோம்; ஒருத்தி பாரம் இன்னொருத்தி தலைக்கு வந்துவிடும் என்பார்கள். வேலையைவிட்டு நல்லபடியாகப் போகிறவள்தான் கொடுப்பாள். அதனால் எல்லாருக்கும் ஒரே சந்தோஷம்.

"இன்னாமே, ரங்கூனுக்கு இட்டுகினு போறானா உன் வூட்டுக்காரன்?" என்று ஒருத்தி கேலி செய்தாள்.

"ஆமா, நாளிக்குக் கப்பலு" என்றாள் அவள்.

கப்பலுக்குக் கரி ஏற்றுகிறவளிடமே கப்பல் கதையா? ரங்கூன் கப்பலுக்கு முந்தாநாள்தான் நாங்கள் கரி நிரப்பி அனுப்பியிருந்தோம். அடுத்தது அடுத்த வாரம்தான். கூட்டத்தில் எல்லாருக்கும் இது தெரியும். ஆனாலும் அவள் சிரித்துவிட்டாள் என்ற மகிழ்ச்சியில் ஒருத்திக்கும் உறைக்கவில்லை.

கூடையைக் கீழே போட்டேன். மேஸ்திரி கத்தினான். "இரு நைனா, கப்பலு எங்கியும் ஓடிப்பூடாது" என்று சொல்லிவிட்டு, அவளைக் கரிக்குவியலுக்குப் பின்னால் இழுத்துப்போய் உட்காரவைத்தேன். சாவைப் பற்றி வாய்விட்டுப் பேசினால் அது வீடு தேடி வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. வந்தால் வரட்டும், ஒரு கை பார்க்கலாம் என்று நேராகவே கேட்டேன்.

"செத்துப்பூடலாம்னு நென்ச்சிகினு கீறியா?"

சிரிப்பு நின்றது. பிறகு என் மடியில் கவிழ்ந்து அழுதாள். "இத்த யாராவது கேக்கமாட்டாங்களான்னு இருந்திச்சிக்கா."

பின்னாலேயே வந்து நின்ற எங்கள் கூட்டத்துத் தலைவி, அபசகுனமாகப் பேசினேன் என்று முதலில் என்னைத்தான் திட்டினாள். திட்டி முடித்த வாயோடு, "இவ என் வூட்லயே இர்க்கட்டும்" என்றாள். அப்புறம் யார் வீட்டில் வைத்துக்கொள்வது என்று எங்களுக்குள் சண்டையே வந்தது. அவளை ஒரு வேளைகூடத் தனியாக விடவில்லை. பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். நர்சம்மா எங்கள் கரிக்கோலத்தைப் பார்த்து வெளியே தள்ளவில்லை. பிரசவத்தில் உடம்பு தளர்ந்தால் மனசும் தளரும், மருந்தும் வேண்டும், பேச்சுத்துணையும் வேண்டும் என்றாள். பேசுவதற்கு எங்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா?

அவள் ஒரேயடியாகத் தெளிந்துவிடவில்லை. நடுநடுவே முகம் இருண்டுபோகும். இருண்டபோதெல்லாம் மறுபடி கேட்டோம். கேட்டால் இல்லாத எண்ணம் வரும் என்பதெல்லாம் சும்மா. கேட்கக் கேட்க அவளுக்குப் பாரம் இறங்கியதை நான் கண்ணால் பார்த்தேன்.

அடுத்த மழைக்காலம் வந்துவிட்டது. மத்தியானம் கஞ்சி குடிக்க உட்கார்ந்திருந்தோம். தன் பங்கை யார் எடுத்தாலும் அதுவரை பேசாமல் விட்டுவிடுகிறவள் அவள். அன்று அவள் கருவாட்டுத் துண்டை நான் எடுக்கப்போனேன். புறங்கையில் பளாரென்று ஒன்று வைத்தாள்.

"கைய எடு. எனக்கு வோணும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் திகைத்துப்போய்ப் பார்த்தாள். "இன்னாக்கா, ஒரு கருவாட்டுக்கா அழுவுற?" என்று பாதியைப் பிய்த்து என் கஞ்சியில் போட்டாள்.