காலி, போங்க

நாற்பத்து மூன்று வயதில் சங்கமித்ரா கார் ஓட்டக் கற்றுக்கொண்டது ஆசைப்பட்டு அல்ல. ஆக்சிலேட்டரில் கால் அழுந்திய பிறகு, வண்டி கிளம்பும்வரை எவ்வளவு நேரம் போகிறது என்பது அவளுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. புருஷனிடம் கேட்டிருக்கலாம். ஆனால் அவனிடம் கேட்கக்கூடாத கேள்வி உலகத்தில் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

பெங்களூர் லிங்கராஜபுரத்தில், ஆட்டோ நுழைந்தால் எதிரில் சைக்கிள்கூட வர முடியாத ஒரு சந்தில் அவர்கள் வீடு. சங்கமித்ரா ஐ.டி. கம்பெனி ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். மூன்று மாடி, முப்பத்தொரு பெண்கள் அவள் பொறுப்பு. புருஷன் இளங்கோவன் பீன்யாவில் லேத் ஆபரேட்டர். இருபத்திரண்டு வருஷமாக ஒரே ஷெட். கம்பெனியின் பழைய பெட்ரோல் வேனை அவ்வப்போது ஓட்டிப் பழகியவன், ஒருநாள் எட்டு வருஷம் ஓடிய டீசல் கார் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து சந்து முனையில் நிறுத்தினான். அவர்கள் தெருவில் அது நாலாவது கார்.

முதல் வாரமே அவனுக்கு அந்த வண்டியோடு தகராறு. சிக்னலில் பச்சை விழும், இவன் அழுத்துவான், வண்டி அசையாது. பின்னால் ஹாரன் கிழியும். திடீரென்று முதுகில் யாரோ தள்ளிவிட்ட மாதிரி பாயும்.

"இன்னா வண்டி இது மித்ரா. கூப்ட்டா காது கேக்காத மாதிரி நிக்குது. அப்பறம் ஓடியாந்து மேல உழுது" என்று சிரிப்பான்.

அவளும் சிரித்தாள். அது சிரிக்கிற விஷயமாகத்தான் நாலு மாதம் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆனேக்கல்லில் இருக்கும் அவன் தங்கை வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நாலு மணி வெயில். தங்கை வீட்டுத் தெரு மேடேறி மெயின் ரோட்டில் முடியும். அங்கே வலது பக்கம் திரும்ப வேண்டும். வலப்பக்கமிருந்து ஓசூர் பஸ் ஒன்று வந்துகொண்டிருந்தது. அது கடந்ததும் கிடைக்கிற இடைவெளியில் நுழைந்துவிட வேண்டும் என்று இளங்கோவன் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு, வண்டியை முழுசாக நிறுத்தாமல் உருட்டியபடி கேட்டான்.

"லெஃப்ட்ல?"

அவள் இடது பக்கம் பார்த்தாள். தூரத்தில், போர்வெல் பைப் விற்கிற கடைக்கு அருகே ஒரு சிவப்புப் புள்ளி. ஒரு ஸ்கூட்டர். பின் சீட்டில் கால்கள் வானத்தைப் பார்க்க, கவிழ்த்துக் கட்டிய சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி. மெதுவாகத்தான் வந்தது. அது வருவதற்குள் நாம் போய்விடலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

"காலி, போங்க" என்றாள்.

இளங்கோவன் அழுத்தினான். வண்டி ரோட்டின் நடுவே மூக்கை நீட்டியது. அப்படியே தயங்கியது. என்ஜின் உறுமுகிறது, சக்கரம் நகர மாட்டேன் என்கிறது. கார் நின்று தனக்கு வழி விடுகிறது என்றுதான் அந்த ஸ்கூட்டர்காரர் நினைத்திருக்க வேண்டும். அவர் நேராக வந்தார். அவர் முன்னால் வந்த அந்த நொடியில் வண்டிக்கு உயிர் வந்து, அது முன்னே பாய்ந்தது.

அவர் பெயர் கிருஷ்ணப்பா. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார். முகம் தரையைப் பார்க்க விழுந்திருந்ததால் சங்கமித்ரா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கயிறு அறுந்த நாற்காலி மட்டும் ஒரு கீறல்கூட இல்லாமல், யாரோ உட்காருவதற்காகப் போட்ட மாதிரி நாலு காலில் ரோட்டில் நின்றது.

போலீஸ்காரர் இருவரையும் தனித்தனியாகக் கேட்டார்.

"நான் ரைட் பாத்துனு இருந்தேன் சார். லெஃப்ட் அவங்களத்தான் கேட்டேன்" என்றான் இளங்கோவன்.

"நீங்க பாத்தீங்களாம்மா? ஸ்கூட்டர் வந்துச்சா?"

"இல்ல சார்" என்றாள் சங்கமித்ரா. "நான் பாக்கறப்ப ரோட்டுல யாரும் இல்ல."

அந்த வார்த்தை வாயிலிருந்து வந்த பிறகுதான் அது பொய் என்று அவளுக்கே உறைத்தது. திருத்துவதற்கு வாய் திறந்தாள். அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டிருந்தார்.

அதற்குப் பிறகு இளங்கோவன் ஒரே வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டான். சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போது சொல்வான். ஷூவுக்கு லேஸ் கட்டும்போது சொல்வான். "செகண்ட் கியர்லயே எடுத்துட்டேன் மித்ரா. ஃபர்ஸ்ட்டுக்கு வந்திருக்கணும். வந்திருந்தா அந்தாளு வீட்டுக்குப் போயிருப்பான்." அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைப்பாள்.

வண்டி ஸ்டேஷனிலிருந்து வந்ததும் இடது பக்கத்தைச் சரிசெய்து, உறை போட்டு மூடினான். அதன்பின் தொடவில்லை. பஸ்ஸும் மெட்ரோவும் மாறி மாறி வேலைக்குப் போனான்.

அவளை நாற்காலிகள் விடவில்லை. பெங்களூரில் எத்தனை சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி இருக்கிறது என்று அவளுக்கு அதற்கு முன் தெரியாது. டீக்கடை வாசலில், கிளினிக்கில், சாவு வீட்டுப் பந்தலில், விகாரையில் புத்தபூர்ணிமாவுக்கு வாடகைக்கு வந்து அடுக்கியிருந்ததில். பஸ் ஜன்னலில் இடது பக்கம் உட்கார்ந்தால் தூரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். நெருங்கினால் தபால் பெட்டியாக இருக்கும், யாருடைய சேலையாவது இருக்கும். அதுவரை அவள் மூச்சு விடுவதில்லை. பிறகு வலது பக்கமாகவே உட்காரத் தொடங்கினாள். அப்போது இடது காதோரம் ஏதோ வந்துகொண்டே இருந்தது.

இளங்கோவன் வண்டியை விற்றுவிடலாம் என்றபோது அவள் வேண்டாம் என்றாள்.

"நான் கத்துக்கறேன்."

"நீயா?"

"ஏன், நான் கத்துக்கக்கூடாதா?"

அவன் அவளை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு சாவியை எடுத்து டி.வி. மேல் வைத்துவிட்டுப் போனான்.

டிரைவிங் ஸ்கூலின் சின்ன பெட்ரோல் காரில் லைசென்ஸ் எடுத்தாள். பிறகு தெருக்கோடி மெக்கானிக் ஹரிஷிடம் போனாள். அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவன். கன்னடக்காரன். அவள் சின்னப்பிள்ளை மாதிரி கேட்பதையெல்லாம் சிரிக்காமல் கேட்டுக்கொண்டான்.

"அக்கா, இது டீசல், டர்போ வண்டி. புகை போறப்போ அது உள்ளே ஒரு சின்ன ஃபேனை சுத்துது. அது சுத்தினாத்தான் என்ஜினுக்கு காத்து ஜாஸ்தி போகும், பலம் வரும். ஆர்.பி.எம். கம்மி இருந்தா புகையும் கம்மி, ஃபேன் சும்மா இருக்கும். நீங்க எவ்ளோ மிதிச்சாலும் ஸ்வல்ப நேரம் ஏனும் ஆகல்ல, ஒண்ணும் நடக்காது. அப்பறம் ஒரே தடவையா பிடிக்கும்."

"அந்த ஸ்வல்ப நேரம் எவ்ளோ?"

"கியரைப் பொறுத்து. உருண்டுகிட்டு இருக்கறப்போ செகண்ட் கியர்லயே மிதிச்சா ஒண்ணரை செகண்ட், ரெண்டு செகண்ட். ஃபர்ஸ்ட்டுக்கு வந்து, கிளட்ச் பாதியில பிடிச்சு, மீட்டர் முள்ளு இந்தக் கோட்டைத் தாண்டினதும் விட்டீங்கன்னா ஒண்ணும் தெரியாது. வண்டி கேக்கறதை நாம காது கொடுத்துக் கேட்டு ஓட்டணும் அக்கா."

ஞாயிறு காலைகளில் ஹரிஷ் பக்கத்தில் உட்கார, காலி மைதானத்திலும் பிறகு மேம்பாலத்து ஏற்றங்களிலும் பழகினாள். முள் ஆயிரத்து எண்ணூறைத் தொடும்போது வருகிற சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லக் கற்றாள். தயக்கம் வரும் இடம், அது விலகும் இடம் எல்லாம் கால் நரம்புக்குத் தெரிந்துவிட்டது. "எங்கிட்ட வர்ற டிரைவர்ங்களுக்கே இவ்ளோ வராது அக்கா" என்றான் ஹரிஷ். அவளுக்கு அழுகை வந்தது. அவனுக்கு ஏன் என்று புரியவில்லை.

விபத்து நடந்த பதினாலாவது மாதம், ஒரு ஞாயிறு, அவன் தங்கையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லித் தனியாக ஆனேக்கல் போனாள். நாலு மணிக்கு அந்த மேட்டில் வண்டியை ஓரமாக நிறுத்தி இறங்கி நின்றாள். பைப் கடையைத் தாண்டி மெதுவாக வரும் ஸ்கூட்டர் எதுவானாலும் எண்ணினாள். இவள் நிற்கும் இடத்துக்கு வர ஆறு எண்ணிக்கை. பிறகு, ரோடு இரு பக்கமும் உண்மையிலேயே வெறிச்சோடிய நேரம் பார்த்து முதல் கியரில் திரும்பினாள். நாலு எண்ணுவதற்குள் தன் வரிசையில் சேர்ந்துவிட்டாள். சுற்றிக்கொண்டு வந்து இரண்டாவது கியரில் திரும்பினாள். நடு ரோட்டில் தயக்கம் வந்தது. ஐந்து, ஆறு என்று வாய் எண்ணும்போதும் வண்டி அங்கேயே இருந்தது.

அவன் முதல் கியரில் எடுத்திருந்தால் அவள் நினைத்தது சரி. அவள் ஸ்கூட்டர் வருகிறது என்று சொல்லியிருந்தால் அவன் எந்தக் கியரிலும் எடுத்திருக்க மாட்டான்.

வண்டியை ஓரம் கட்டிவிட்டு எதிரே இருந்த டீக்கடைக்குப் போனாள். கடைக்கு மேலே, வெயிலில் வெளுத்த பிளெக்ஸ் ஒன்று கட்டியிருந்தது. முதலாண்டு நினைவஞ்சலி, கன்னடத்தில். நடுவில் ஒரு மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். நெற்றியில் குங்குமம், முன்பல் ஒன்று சற்றே கோணல். பெயரைப் படிக்குமுன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"நம்ம கிருஷ்ணப்பாதான்" என்றார் டீக்கடைக்காரர் சின்னப்பா, அவள் பார்ப்பதைப் பார்த்து. "இந்தா, இங்கியேதான் ஆச்சு. பொண்டாட்டிக்கு முட்டி வலி, கீழ ஒக்கார முடியாதுன்னு சேர் வாங்கினு போனான்."

"அந்த சேர்..."

"அதுக்கு ஒண்ணியும் ஆகல. லட்சுமம்மா அதுலதான் ஒக்காந்துனு இருக்கா. தூக்கிப் போடுன்னா கேக்க மாட்டேங்கறா."

டீ ஆறும்வரை அவள் அதைக் கையில் வைத்திருந்தாள். குடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது இளங்கோவன் மறுநாளைக்குச் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தான். செருப்பைக் கழற்றாமலே சொன்னாள்.

"நான் பாத்தேங்க."

"எத?"

"ஸ்கூட்டர. அன்னிக்கி. நீங்க கேக்கறப்போ பைப் கடைகிட்ட வந்துனு இருந்துச்சு. அதுக்குள்ள போயிடலாம்னு நெனச்சேன். அதான் காலின்னு சொன்னேன்."

அவன் அயர்ன் பாக்ஸை நிமிர்த்தி வைத்து சுவிட்சை அணைத்தான்.

"பதினாலு மாசம்" என்றான். குரல் உயரவில்லை. "எதிர்ல ஒக்காந்து எனக்கு சோறு போட்டுனே இருந்தியே மித்ரா."

அவ்வளவுதான். ஒன்பது நாள் அவன் அவளோடு பேசவில்லை. பத்தாம் நாள், லட்சுமம்மா போட்ட நஷ்டஈட்டு வழக்குக்காக ஆனேக்கல் கோர்ட்டுக்குப் போக வேண்டிய தேதி. காலையில் குளித்துவிட்டு வந்து, "வண்டிய எடு" என்றான். அவள் ஓட்டினாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து கையால் கதவுப் பிடியைப் பிடித்தபடி வந்தான்.

கோர்ட் வராந்தாவில் லட்சுமம்மா மருமகனோடு தூணில் சாய்ந்து நின்றிருந்தாள். பக்கத்தில் போகாதே என்று அவர்களுடைய வக்கீல் சங்கமித்ராவிடம் முன்பே சொல்லியிருந்தார். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன் என்று அவள் சொன்னபோது, "எதுக்கும்மா? சட்டத்துல பொறுப்பு ஓட்டினவருக்குத்தான். நீங்க சொன்னாலும் உங்கமேல ஒண்ணும் வராது" என்றார். இளங்கோவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தடுக்கவில்லை.

போய் லட்சுமம்மா எதிரில் நின்று கன்னடத்தில் சொன்னாள். தான் யார் என்று. தான் பார்த்தது, சொன்னது, போலீசிடம் மறைத்தது. மருமகன் கையை ஓங்கிக்கொண்டு முன்னால் வந்தான். லட்சுமம்மா அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். அவள் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"வேகமா வந்தாரா?"

சங்கமித்ராவுக்கு முதலில் புரியவில்லை.

"எல்லாரும் சொல்றாங்க, குடிச்சுட்டுக் கண்ணுமண்ணு தெரியாம வந்தான்னு. உங்க வக்கீல் சொல்றாரு, இவன்கூட சொல்றான்" என்று மருமகனைக் காட்டினாள். "குடியை விட்டு ஆறு வருஷம் ஆச்சு. அவரு வர்றதைப் பாத்தவங்க யாருமே இல்லன்னு இருந்தேன். நீ பாத்தியே. சொல்லு, வேகமா வந்தாரா?"

"இல்லம்மா" என்றாள் சங்கமித்ரா. "மெதுவா வந்தாரு. ஓரமா வந்தாரு. ஒரு கையைப் பின்னால விட்டு சேரைப் பிடிச்சுக்கிட்டு வந்தாரு. வேகமா வந்திருந்தா நான் போங்கன்னு சொல்லியே இருக்க மாட்டேன்."

அதை மறுபடி சொல்லச் சொன்னாள் லட்சுமம்மா. சொன்னாள். மூன்றாம் முறையும் கேட்டாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, தூணைப் பிடித்தபடி மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். முட்டி மடங்க எவ்வளவு நேரம் பிடித்தது என்பதை சங்கமித்ரா பார்த்துக்கொண்டே நின்றாள்.

அடுத்த தேதியில் கூண்டில் ஏறி அதையே சொன்னாள். முன்பு ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டதற்கு, பயம் என்றாள். கிருஷ்ணப்பா மேல் தப்பில்லை என்று தீர்ப்பு வந்தது. லட்சுமம்மா அவளைப் பார்த்துத் தலையாட்டவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. மருமகன் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

இளங்கோவன் பேசத் தொடங்கிவிட்டான், பழையபடி இல்லாவிட்டாலும். செகண்ட் கியர் பற்றி இப்போது சொல்வதில்லை. ஸ்டீயரிங்கைத் தொடுவதும் இல்லை. யாராவது கேட்டால் கண் பார்வை சரியில்லை என்கிறான். வியாழக்கிழமைகளில் அவளுக்கு வேலை சீக்கிரம் முடியும். அன்று பீன்யா போய் கம்பெனி கேட்டில் காத்திருந்து அவனைக் கூட்டிக்கொண்டு வருகிறாள். நாள் முழுக்க மெஷின் முன் நின்ற மனிதன். அவள் வண்டியை அலுங்காமல்தான் ஓட்டுகிறாள். ஆனாலும் லிங்கராஜபுரம் வரும்வரை அவன் ஒருமுறைகூடக் கண்ணை மூடுவதில்லை.