ஜாவா விதிகளோடு மலையேறி வந்தவர்

மலைமேல் அரியூர் நாடு என்னும் சிற்றூர்ப் பகுதியிலுள்ள எங்கள் வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனி ஒன்றுக்குப் பைத்தான் என்ற கணினி மொழியில் புரோகிராம் எழுதுகிறேன். இரண்டு வருடங்களுக்கு முன் எங்கள் குழுவுக்குப் புதிய தலைவர் வந்தார். ஐம்பதை நெருங்கியவர், அதுவரை ஜாவா என்ற இன்னொரு கணினி மொழியில் மட்டுமே எழுதியவர். வந்த வாரமே, புரோகிராமை எப்படி எழுத வேண்டும் என்று நாற்பது பக்க விதிகளை அனுப்பினார். எல்லாம் ஜாவாவின் வழக்கங்கள். பைத்தானில் ஒரு வரியில் முடிவது, அவர் விதிப்படி பன்னிரண்டு வரியானது.

நான் எழுதியதை மூன்று முறை திருப்பி அனுப்பினார். நான்காம் முறையும் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் கொடுத்தேன். வீடியோ கூட்டத்தில் காரணம் கேட்டார்.

"இங்கிலீஷ் இலக்கணத்துல தமிழ் எழுதச் சொல்றீங்க சார். மொதல்ல பைத்தானைப் படிச்சுட்டு வந்து விதி போடுங்க."

யாரோ சிரித்தார்கள்.

அடுத்த வாரம், சேலத்தில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவர் பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். கொண்டை ஊசி வளைவுகளில் குமட்டி முகம் வெளுத்திருந்தது. வாசலில் காய்ந்த மிளகை மிதிக்காமல் சுற்றி வந்து உட்கார்ந்தார்.

"டீ குடிக்கறீங்களா சார்?"

"தண்ணி போதும்."

பையிலிருந்து காகிதக் கட்டு ஒன்றை எடுத்தார். நான் எழுதிய புரோகிராமை அச்செடுத்து, வரிக்கு வரி அதன் ஜாவா வடிவத்தைப் பென்சிலால் எழுதி வைத்திருந்தார்.

"மூணு இடம் புரியலை. கூட்டத்துல கேக்க வெக்கமா இருந்தது" என்றார். "பதினெட்டு வருஷம் பார்த்த புராஜெக்டை மூடிட்டாங்க. உங்க மொழி எனக்குப் படிக்கவே வரலை. என் விதிகளைப் போட்டா, தெரிஞ்ச மாதிரி ஆயிடும்னு நினைச்சேன்."

அவருடையது திமிர் என்றே அதுவரை நினைத்திருந்தேன்.

"எல்லாரு முன்னாடியும் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுங்க சார்."

"நீங்க சொன்னது சரிதான்" என்றார். காகிதக் கட்டை என் பக்கம் நகர்த்தினார்.

நாலு மணி பஸ் வரும்வரை அந்த மூன்று இடங்களைப் பார்த்தோம். மூன்றாவது எனக்கே புரியவில்லை. கெட்டிக்காரத்தனமாக ஒரே வரியில் திணித்திருந்தேன். அதைப் பிரித்து ஐந்து வரியாக்கினேன். அவர் தன் விதிகளைத் திரும்பப் பெற்றார்.

அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன்.

"சரி, அடுத்த வேலையைப் பார்ப்போம்" என்றார். அந்தக் குரலிலிருந்து மன்னித்தாரா இல்லையா என்று என்னால் அறிந்துகொள்ள முடியவில்லை.