பிலோமினா அக்காவும் குளிரில் சுருங்கிய வேலியும்

பாரிஸ் புறநகரான லா கூர்னெவ்வில் ஒரு வேலையை முடித்துவிட்டு ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தேன். பிலோமினா அக்காவின் மகள் பிரெஞ்சில் ஒரு வரி அனுப்பியிருந்தாள்: “அம்மா இன்று காலை போய்விட்டார்.” இறங்கி, ரூ காய் வழியாக வீடுவரை நடந்தேன். யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. எங்கள் கட்டடத்தில் யாருக்காவது ஏதாவது ஆனால் அதை எல்லோருக்கும் சொல்பவர் அவர்தான்.

ரூ பிலிப்-து-ஜிராரில் எங்களோடு வாழ்ந்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மன்னாரிலிருந்து வந்தவர், எங்கள் கட்டடத்தின் பராமரிப்பாளர். வாசலை ஒட்டிய சிறிய வீட்டில் இருந்தபடி படிக்கட்டு, குப்பைத் தொட்டிகள், கடிதங்கள், பின்முற்றத்துத் தோட்டம் எல்லாவற்றையும் கவனித்தார். லிஃப்ட் பழுதுபார்க்க ஆள் வந்தால் பக்கத்தில் போய் நிற்பார். “இது ஏன் இப்பிடி?” என்று கேட்பார். வந்தவர் சலித்துக்கொண்டாலும் பதில் வரும்வரை நகரமாட்டார். இதெல்லாம் உங்களுக்கும் தெரியும். அந்த வேலிக் கதை முழுவதும் உங்களுக்குத் தெரிந்திருக்காது. அதில் என் தவறும் இருப்பதால் நான்தான் சொல்லவேண்டும்.

எங்கள் தோட்டத்துக்கும் பக்கத்துக் குழந்தைகள் காப்பகத்துக்கும் நடுவே இருந்த பழைய மரவேலியை எடுத்துவிட்டு, ஒரு கடும் கோடையில் கொம்போசிட் வேலி போட்டார்கள். மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் சேர்த்து அழுத்திய பலகைகள், அலுமினியத் தூண்களின் பள்ளங்களில் செருகப்பட்டவை. “இதற்குப் பராமரிப்பே வேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் போனார் போட்டவர். அக்கா நம்பவில்லை. இலையுதிர்காலம் வந்ததும் வேலியின் அடியில் சேர்ந்த இலைகளை வாரத்துக்கு இருமுறை கூட்டி எடுத்தார்.

“இலை ஈரத்தைப் பிடிச்சு வைச்சிருக்கும் தம்பி. பிறகு பலகையிலை பச்சை பிடிக்கும்” என்றார் ஒருநாள். பச்சை பிடித்த இடங்களை இளஞ்சூட்டுச் சோப்புத் தண்ணீராலும் மென்மையான தூரிகையாலும் கழுவினார். நடைபாதையில் போட்ட உப்பு தெறித்தால் அதையும் கழுவிவிடுவார்.

ஜனவரியில் உறைபனி விழுந்தது. ஒரு காலையில் ஏழெட்டுப் பலகைகளின் முனைகள் தூணை விட்டு வெளியே வந்து நின்றன. பிள்ளைகள் விரலை விட்டுவிடுவார்கள் என்று காப்பகத்தார் புகார் கொடுத்தார்கள். பனிக்கட்டியை உடைக்க அக்கா சவல் என்னும் இரும்பு மண்வாரியால் வேலியை அடித்ததால்தான் இப்படி ஆனது என்று, வந்து பார்க்காமலே எழுதியது கட்டடத்தை நிர்வகிக்கும் அலுவலகம். அந்தக் கடிதத்தில் உரிமையாளர் குழுவினர் நால்வர் கையெழுத்திட்டோம். சவலோடு அவரை நானும் பார்த்திருந்தேன். அது போதும் என்று நினைத்தேன். அவருடைய வேலை போனால் அந்த வாசல் வீடும் போகும் என்பதை நினைக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை காலை, அக்கா வேலியடியில் குந்தியிருந்தார். கையில் பென்சில்.

“என்ன பண்றீங்க அக்கா?”

“வேலி நடக்குது தம்பி. இஞ்சை வந்து பாருங்கோ.”

பலகைகளில், தூணின் விளிம்பை ஒட்டி மெல்லிய கோடுகள் போட்டிருந்தார். “இப்ப இந்தக் கோடு வெளியிலை தெரியுதோ? மத்தியானம் வெய்யில் பட்ட பிறகு வாங்கோ.”

போனேன். கோடு தூணுக்குள் மறைந்திருந்தது. மாலையில் குளிர் ஏறியதும் திரும்பவும் வெளியே வந்தது. தோட்டத்துக்கு வந்த வேலையை மறந்து இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“சூட்டுக்கு நீளுது, குளிருக்குச் சுருங்குது. அது பலகையின்ரை குணம். ஆனா அந்தச் சுவரோரத்திலையும் இதே பலகைதான், இதே குளிர்தான். அங்கை ஒண்டும் கழரேல்லை. அது ஏன்?”

அவர் ஏற்கெனவே அளந்திருந்தார். கழன்ற பலகைகள் மற்றவற்றைவிட ஒரு விரல் அகலம் குட்டையாக வெட்டப்பட்டிருந்தன. கோடை வெயிலில் நீண்டு நின்றபோதே பள்ளத்தை நுனியில்தான் தொட்டுக்கொண்டிருந்தன. குளிரில் பிடி விட்டுப்போயிற்று.

உரிமையாளர் கூட்டத்தில் அக்கா தன்னுடைய பிரெஞ்சில் இதையெல்லாம் சொன்னார். வேலி போட்டவரையும் அழைத்திருந்தார்கள். அவர் இறங்கிப் போய் அளந்து பார்த்தார். திரும்பி வந்து, பலகைகளை மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டார். எல்லோரும் எழ ஆயத்தமானோம். பேச எழுந்த அக்கா இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

“அடியில் ஒரு பலகையின் ஓரம் உடைந்திருக்கிறது. அது என் சவல் பட்டு உடைந்தது. அது மட்டும் என் தவறு” என்றார்.

யாரும் கேட்காதது. நிர்வாக அலுவலகத்தின் ஆள் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். அவர்மீதான புகாரைத் திரும்பப் பெற்றார்கள்.

படிக்கட்டில் அவரைப் பிடித்தேன். “அதை ஏன் அக்கா சொன்னீங்க? ஜெயிச்சுட்டீங்களே.”

“பார்த்ததைச் சொல்லத்தானே போனனான். என்ரை பிழையையும் பார்த்தனான்தானே.”

அப்போதுதான் என்னால் சொல்ல முடிந்தது. “அந்தக் கடிதத்துல நானும் கையெழுத்துப் போட்டேன்.”

“ஓம், தெரியும்” என்றார். “பார்சல் வாங்கேக்கை என்னட்டைத்தானே கையெழுத்துப் போடுறனீங்கள். அதே நெளிவு.” கோபப்படுவார் என்று நின்றேன். “ஒருக்கா இறங்கி வந்து கேட்டிருக்கலாம் தம்பி” என்றுவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனார். இன்றுவரை அதைவிடக் கடுமையான சொல்லை யாரும் என்னிடம் சொன்னதில்லை.

கடைசியாக மருத்துவமனையில் பார்த்தபோது அவருக்குப் பேச்சு மெலிந்திருந்தது. சொட்டு மருந்துக் குழாயைக் காட்டி, காற்றுக் குமிழி ஒன்று ஏன் கீழே இறங்காமல் மேலேயே நிற்கிறது என்று தாதியிடம் கேட்டார். தாதி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கினார். அக்கா முழுவதையும் கேட்டார். இரண்டாவது கேள்வியும் கேட்டார்.

அவர் போனபின், சென்ற வாரம் நிலவறைக் கதவை யாரோ உதைத்துக் கெடுத்துவிட்டார்கள் என்று ஒரு கடிதம் சுற்றுக்கு வந்தது. மூன்றாம் மாடிப் பையன் ஒருவனின் பெயர் அதில் இருந்தது. கையெழுத்திடாமல் பேனாவை மேசையில் வைத்துவிட்டு, என் நான்காம் மாடி வீட்டிலிருந்து கீழே இறங்கிப் போனேன். கதவின் அடிப்பாகம் ஈரத்தில் ஊதி, நிலையில் இறுகிப் போயிருந்தது. பிலோமினா அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது இதுதான்: அந்த நான்கு மாடி இறக்கம்.